பாப்பாவை மூன்று முறை எண்ணியவர்

உயர்கல்வி அலுவலகத்தில் அவரைப் பட்டியல்காரர் என்றுதான் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டும் கணக்குப் பிரிவில் சிலர், "யாருப்பா இது, புதுசா வந்திருக்காரா?" என்று கேட்டதுண்டு.

நாட்டிலுள்ள கல்லூரிகள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை தங்களிடம் பாடம் நடத்துகிறவர்களின் பெயர்களை அனுப்பும். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பிரித்துக் கூட்டி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு புள்ளிவிவர நிறுவனத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அவர்கள் எல்லா நாட்டுக் கணக்கையும் வரிசையாக வைத்து ஒரு தொகுப்பு அச்சிடுவார்கள். கல்லூரி ஆசிரியர்களில் பெண்கள் நூற்றுக்கு எத்தனை பேர், எந்த நாடு முன்னே, எந்த நாடு பின்னே என்பது அதில் ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்துக்காக அவர் பாதி வருடம் மாடாய் உழைத்தார்.

கூட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, அதை இயந்திரம் செய்துவிடும். கஷ்டமெல்லாம் சலிப்பதில்தான். மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்கும் தற்காலிக ஆசிரியர்கள் ஒரே கல்லூரியில் நிற்பதில்லை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஓடுவார்கள். எல்லாக் கல்லூரியும் அவர்களைத் தன் ஆள் என்றே எழுதி அனுப்பும். பிறந்த தேதி, அப்பா பெயர், படித்த பட்டம் எல்லாம் ஒத்துப்பார்த்து, ஒருவரை ஒருமுறைக்கு மேல் எண்ணாமல் பிரித்தெடுக்கவேண்டும். அதைத்தான் அவர் சலிப்பது என்பார்.

"இந்த வருஷம் நாலு மாசம் சலிச்சேன்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்.

"கேட்டுக் கேட்டு எங்களுக்கும் சலிச்சுப்போச்சு" என்பாள் மனைவி.

அப்படி ஓடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நிரந்தர வேலை கிடைத்த ஆண்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெறுவார்கள். பெண்கள் பேருந்து பிடிப்பார்கள். இது அவருக்குப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்த விஷயம் மட்டுமல்ல. அவருடைய சொந்தத் தங்கையே அப்படி ஓடுகிறவர்களில் ஒருத்திதான்.

தங்கையை வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு நாற்பது நெருங்கியது, எட்டாவது படிக்கும் பெண் இருந்தாள், ஆனாலும் பாப்பாதான். அப்பா போனபோது அவள் ஒன்றாம் வகுப்பில்தான் இருந்தாள். அண்ணன் அப்போதுதான் தட்டச்சராக அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். அவருக்கு மேலே படிக்க ஆசை இருந்தது, வழி இல்லை. தன் ஆசையையும் சேர்த்து அவளைப் படிக்கவைத்தார். பொருளியலில் முதுகலை, அதற்குமேல் ஆராய்ச்சிப் பட்டம். பட்டம் வாங்கிய அன்று அவர் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார்.

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. கலியாணம் ஆகி, பிள்ளை பெற்று, பிறகும் அவள் மணிக்கணக்கு ஆசிரியைதான். காலையில் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் அரசுக் கல்லூரி. நடுப்பகலில் பெண்கள் கல்லூரி. மாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காக நடக்கும் தனியார் கல்லூரி. முதல் கல்லூரியில் ஆசிரியர் அறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது, யாராவது விடுப்பில் இருந்தால் உட்காரலாம். இரண்டாவதில் பையை நூலகத்தில் வைத்துக்கொள்வாள். மூன்றாவதில் காவலாளியின் அறையில் முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவாள். புருஷன் வேறு ஊரில் இயந்திரப் பட்டறையில் இருந்தான், வார இறுதியில் வந்து போவான். அவள் கால் தரையில் பாவி நின்று அவர் பார்த்ததே குறைவு.

அந்த வருடம் நாடாளுமன்றத்தில் யாரோ ஒருவர் எழுந்து, "பக்கத்து நாட்டில் கல்லூரி ஆசிரியர்களில் பாதிக்குப் பாதி பெண்களாம். நாம் ஏன் பின்தங்கிவிட்டோம்?" என்று கேட்டுவிட்டார். அமைச்சருக்குப் பதில் தெரியவில்லை. கேள்வி மேலிருந்து படிப்படியாக இறங்கி இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தது.

துணை இயக்குநர் ஒரு பெண்மணி. அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண். அதட்டிப் பேசமாட்டார், ஆனால் அவர் மெதுவாகச் சொல்வதை யாரும் தட்டியதில்லை. பட்டியல்காரரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே அவருக்குப் புதிது.

"இந்தத் தடவை கணக்கு எப்ப போகும்?"

"சலிச்சு முடிக்க இன்னும் மூணு மாசம் ஆகும் மேடம்."

"அவ்வளவு நாள் இல்ல. கல்லூரிங்க அனுப்பினதை அப்படியே கூட்டி அனுப்பிடுங்க."

"அப்படியே கூட்டினா ஒரே ஆள் பல தடவை வந்துடுவாங்களே."

"மத்த நாடெல்லாம் உங்களை மாதிரி உட்கார்ந்து பிரிக்கறாங்கன்னு நினைக்கிறீங்களா?" என்றார் துணை இயக்குநர். அப்புறம், கையெழுத்துப் போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: "தொகுப்பு வெளியிடற கூட்டத்துக்கு நம்ம பக்கத்துல இருந்து ரெண்டு பேர் போகணும். உங்க பேரைப் போட்டிருக்கேன். கடவுச்சீட்டு இருக்கா?"

கடவுச்சீட்டு இல்லை. விமானத்தில் ஏறியதும் இல்லை. அந்தத் தொகுப்புக்கு இத்தனை வருடமாக எண் அனுப்பிய மனிதர் அது அச்சாகும் ஊரைப் பார்த்ததில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். சரி என்று ஆட்டினாரா, யோசிக்கிறேன் என்று ஆட்டினாரா என்பது அவருக்கே அப்போது தெளிவாகத் தெரியவில்லை.

தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அரசுக் கல்லூரியின் பட்டியலில் பாப்பாவின் பெயர் இருந்தது. பெண்கள் கல்லூரியில் இருந்தது. மாலைக் கல்லூரியில், எழுத்துப்பிழையோடு இருந்தது. மற்றவர்களையாவது தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இவளை எப்படித் தெரியாமல் விடுவது? எழுந்து போய்த் தேநீர் குடித்தார். மேடம் சொல்லிவிட்டார், நான் யார் மறுக்க என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் தயாரானது. அந்த வாக்கியத்தின் பின்னால் விமானம் நின்றுகொண்டிருந்ததும் அவருக்குத் தெரியும். திரும்பி வந்து, அப்படியே கூட்டி, அனுப்பினார்.

முடிவு வந்தபோது அலுவலகமே ஆடியது. பக்கத்து நாடு கீழே போயிருந்தது, இவர்கள் நாடு மேலே வந்திருந்தது. அமைச்சர் பேட்டி கொடுத்தார். செய்தித்தாளில் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்து ஒருவர் வந்து கைகுலுக்கி, "நம்ம நாட்டையே தூக்கி நிறுத்திட்டீங்க" என்றார். பட்டியல்காரர் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா மகளோடு சாப்பிட வந்தாள். செய்தித்தாள் மேசையில் கிடந்தது. அவள் அதை எடுத்து, ஒரு ஆசிரியைக்கே உரிய விதத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"அண்ணா, இத்தனை பொம்பளைங்க எங்க இருக்காங்க? எங்க ஆசிரியர் அறையில ஒருத்தியும் கண்ணுல படலையே."

"வேற வேற கல்லூரியில இருப்பாங்க" என்றார் அவர்.

"வேற வேற கல்லூரியிலயும் நான்தானே இருக்கேன்." அவள் சிரித்தாள். "என்னையே மூணு தடவை எண்ணியிருப்பாங்களோ?"

மனைவி சிரித்தாள். மகள் விழுந்து விழுந்து சிரித்து, "அம்மா, அப்ப வீட்டுல சமைக்கறது யாரு, நாலாவது ஆளா?" என்று கேட்டாள். பட்டியல்காரருக்குச் சாப்பாடு தொண்டையில் சிக்கி, இருமி, கண்ணில் நீர் வந்துவிட்டது. பாப்பா எழுந்துவந்து முதுகில் தட்டிக்கொடுத்தாள். "மெதுவா, மெதுவா. கூட்டத்துக்குப் போற ஆள். இங்கயே கவுந்துடாத" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லியிருக்கலாம். அவர் தண்ணீரைக் குடித்தார்.

கூட்டம் நடந்த ஊரில் எல்லாம் சுத்தமாக இருந்தது, எல்லாம் குளிராக இருந்தது. ஒரு பெரிய மண்டபத்தில் திரை வைத்து நாடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். இவர்கள் நாட்டின் பெயர் வந்ததும் கைதட்டல். துணை இயக்குநர் எழுந்து லேசாகத் தலைவணங்கினார். பட்டியல்காரர் எழுந்திருக்கவில்லை. கோட்டு இரவல் வாங்கியது, எழுந்தால் கை குட்டையாக இருப்பது தெரியும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார்.

இடைவேளையில் ஒரு மனிதர் தேநீர்க் கோப்பையோடு அவரிடம் வந்தார். பக்கத்து நாட்டில் இதே வேலை செய்கிறவர். பத்து வருடமாக இருவரும் கடிதத்தில் பழக்கம், முகம் பார்த்ததில்லை. குட்டையான, வழுக்கை விழுந்த, நல்ல மனிதர். குடும்பம் குழந்தைகள் எல்லாம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"இந்த வருஷம் நீங்க சலிச்சீங்களா?"

அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே பட்டியல்காரர்தான், ஒரு பழைய கடிதத்தில்.

"ஏன் கேக்கறீங்க?"

"நாங்க இந்த வருஷம்தான் முதல் தடவையா சலிச்சோம். உங்க முறைப்படி. பாதிக்குப் பாதின்னு இருந்தது சரசரன்னு இறங்கிடுச்சு. எங்க அமைச்சர் என்னைக் கூப்பிட்டு வாட்டி எடுத்துட்டார். ஆனா ஒரு நல்லது நடந்தது. உண்மையான எண்ணிக்கையைப் பார்த்ததும் பெண்களுக்குன்னு நிரந்தர இடங்கள் போட்டாங்க. ஓடிக்கிட்டு இருந்தவங்கள்ல பல பேர் இப்ப உட்கார்ந்துட்டாங்க." அவர் பட்டியல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் தேடினேன்."

பட்டியல்காரர் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அறைக்குப் போய் இரவல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பாப்பாவுக்கு ஒரு தோல் பை வாங்கிவரவேண்டும் என்று நினைத்திருந்தார். கடை வரை போனார். நல்ல பை, அவளுடைய புத்தகங்கள் எல்லாம் கொள்ளும். கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

அவர் ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் அந்தச் செய்தி வந்தது. அவர்கள் நாட்டிலும் பெண் ஆசிரியர்களுக்கு நிரந்தர இடங்கள் போடும் திட்டம் ஒன்று நெடுநாளாகப் பேச்சில் இருந்தது. மணிக்கணக்குக்கு ஓடுகிற எல்லாரும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். பாப்பா சான்றிதழ்களை எல்லாம் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். நாற்பது வயது முடிவதற்குள் விண்ணப்பித்தாகவேண்டும். அவளுக்கு அதுதான் கடைசி வருடம். திட்டத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். உலகத் தொகுப்பில் முன்னணியில் இருக்கும்போது தனித்திட்டம் அவசியமில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

பாப்பா மாலைக் கல்லூரிக்குப் போகும் வழியில் அண்ணன் வீட்டில் ஏறினாள். அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"நாமதான் முன்னாடி இருக்கோமாம், அண்ணி" என்றாள். "முன்னாடி இருக்கறவங்களுக்கு நாற்காலி எதுக்குன்னு விட்டுட்டாங்க."

"உன் அண்ணன் ஆபீஸ்லதானே எல்லாம் இருக்கு. இவர் சொன்னா எதுவும் நடக்காதா?" என்று அண்ணி கேட்டாள்.

"பாவம் அண்ணன், அவருக்கு எண்ணத்தான் தெரியும்" என்றாள் பாப்பா. நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

பட்டியல்காரர் முள்மேல் உட்கார்ந்தது போல் உட்கார்ந்திருந்தார். அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். மேடம் சொன்னது, விமானம், மூன்று பட்டியல், பக்கத்து நாட்டுக்காரர், தோல் பை. மனைவி நின்றபடியே கேட்டாள். அவர் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"நானும் அன்னிக்கு சிரிச்சேனே" என்றாள் கடைசியில். பிறகு, "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"பாப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"கேளுங்க. ஆனா அதை மட்டும் கேட்டுட்டு வந்து நிம்மதியா தூங்கிடாதீங்க. முதல்ல அந்தக் கணக்கைச் சரி பண்ணுங்க."

மறுநாள் அவர் துணை இயக்குநரின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், நாம அனுப்பின கணக்கு தப்பு. திருத்தி அனுப்பணும்."

"தப்புன்னு யார் சொன்னது? கல்லூரிங்க கொடுத்ததை அனுப்பினோம்."

"என் தங்கச்சியை மூணு பேரா அனுப்பியிருக்கோம்."

துணை இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வயது தெரிந்தது.

"நானும் ஒரு காலத்துல ரெண்டு கல்லூரிக்கு ஓடினவதான்" என்றார். "நம்ம நாட்டுப் பேர் மேல வந்தா பெண்களுக்குப் பெருமைன்னு நினைச்சேன். அதைக் காட்டி இடங்களை நிறுத்துவாங்கன்னு எனக்குத் தோணல. உங்களுக்குத் தோணிச்சா?"

"தோணல மேடம். ஆனா கணக்கு தப்புன்னு தெரியும்."

"அது எனக்கும் தெரியும்."

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் சொன்னது எதுவும் எழுத்துல இல்ல" என்றார் துணை இயக்குநர். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்வது போல் சொன்னார். "திருத்தம் போனா கேள்வி உங்ககிட்டதான் வரும். நான் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்கூட இல்ல."

"என் பேர்லயே போகட்டும்."

அவர் சலிக்க ஆரம்பித்தார். கல்லூரி கல்லூரியாகத் தொலைபேசியில் கூப்பிட்டார், தேதிகளை ஒத்துப்பார்த்தார். முன்பெல்லாம் பெயர்கள் அவருக்குப் பெயர்களாகத்தான் இருந்தன. இப்போது ஒரே பெயர் இரண்டாவது பட்டியலில் வரும்போதெல்லாம், அந்தப் பெண் எந்தப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறாளோ என்று தோன்றியது. இவர்களும் யாருக்கோ பாப்பாதானே. வேலை முடிந்தபோது மொத்தம் மளமளவென்று சுருங்கியிருந்தது. பழைய வருடத்தைவிடவும் கீழே. அவருடைய குறிப்போடு திருத்தம் போனது. துணை இயக்குநர் தடுக்கவில்லை. சேர்ந்து கையெழுத்தும் போடவில்லை.

வெளிநாட்டு நிறுவனம் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு நாட்டைப் பல படி இறக்கியது. செய்தித்தாளில் இந்த முறை உள்பக்கத்தில், சிறியதாக வந்தது. விசாரணை என்று ஒன்று நடந்தது. கவனக்குறைவு என்று எழுதி அவரைத் தளவாடப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கல்லூரிகளுக்குப் போகும் மேசை நாற்காலிகளுக்குக் கணக்கு வைக்கவேண்டும். கணக்குப் பிரிவுக்காரர் பார்த்தபோதெல்லாம், "என்ன சார், நாட்டை இறக்கி வெச்சுட்டீங்களே" என்றார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. தண்டனை போதாது என்றுதான் வருத்தம்.

பாப்பாவிடம் சொல்வதுதான் பாக்கி. சலித்து முடிக்கும்வரை தள்ளிப்போட்டார், விசாரணை முடியும்வரை தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு மதியம் பெண்கள் கல்லூரிக்கே போனார். நூலகத்தின் மூலையில், அலமாரிக்குப் பக்கத்தில் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"என்ன ஆச்சு? அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நூலகம் என்பதால் குசுகுசுவென்றுதான் சொல்லவேண்டியிருந்தது. தயார் பண்ணி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. அவள் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"செய்தித்தாள்ல கவனக்குறைவுன்னு போட்டிருந்தாங்க" என்றாள் கடைசியில். "யாரோ உன் தலையில கட்டிட்டாங்கன்னு நினைச்சு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன் நான். எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு."

அவள் பேனாவை விடைத்தாள்மேல் வைத்தாள்.

"என் பேரைப் பார்த்தியா? மூணு இடத்துலயும்?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுத்தான் அனுப்பினியா?"

"ஆமா."

"அன்னிக்கு நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேனே."

"பாப்பா, என்னை என்ன வேணா சொல்லு."

"என்ன சொல்றது?" அவள் விடைத்தாள்களை அடுக்கினாள். விளிம்பு சரியாக வராமல் மறுபடி தட்டி அடுக்கினாள். "கூட்டத்துக்குப் போகணும்னு ஆசை இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம். போயிட்டு வான்னு நானே சொல்லியிருப்பேன். அது இல்ல. எத்தனையோ வருஷமா நான் எங்கெங்க போறேன், எப்ப வர்றேன்னு உனக்குத்தான் தெரியும்னு நினைச்சிருந்தேன். வேற யாருக்கும் தெரியலன்னாலும்."

மணி அடித்தது. அவளுக்கு வகுப்பு. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பி, "படியில பார்த்து இறங்கு, ஈரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் அவரை எந்த வசவைவிடவும் அதிகமாகச் சுட்டது.

அதன்பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றது. மகளை மட்டும் அனுப்புவாள். அண்ணியோடு தொலைபேசியில் பேசுவாள். அவர் எடுத்தால், "அண்ணி இருக்காங்களா?" என்பாள்.

திட்டம் ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. இரண்டு வருடம் கழித்து, புதிய அமைச்சர் வந்தபிறகு, திருத்திய கணக்கை மேற்கோள் காட்டி அதை மறுபடி எடுத்தார்கள். இடங்கள் போட்டார்கள். வயது வரம்பு அதே நாற்பதுதான். பாப்பா தாண்டியிருந்தாள். பட்டியல்காரர் தளவாடப் பிரிவில் இருந்துகொண்டே வரம்பைத் தளர்த்தச் சொல்லி மனுமேல் மனு எழுதினார். பழைய துணை இயக்குநர், ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர், ஒரு மனுவில் தானாக முன்வந்து கையெழுத்துப் போட்டார். எதற்கும் பதில் வரவில்லை. பாப்பாவிடம் படித்த இரண்டு பெண்களுக்கு அந்தத் திட்டத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் வீடு தேடி வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போனதை மனைவி மூலமாகக் கேள்விப்பட்டார்.

ஓய்வு பெற்றதும் அவர் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். தினமும் நடுப்பகலில் அரசுக் கல்லூரி வாசலில் போய் நின்று, பாப்பாவை ஏற்றிக்கொண்டுபோய்ப் பெண்கள் கல்லூரியில் விட்டார். முதல் நாள் அவள் மறுக்கவில்லை, பேசவும் இல்லை. மழையிலும் போனார், காய்ச்சலோடும் போனார். ஒருநாள் இறங்கியவள் உள்ளே போகாமல் நின்றாள்.

"அண்ணா, நாளைல இருந்து வராத."

"ஏன் பாப்பா? உனக்குச் சௌகரியமாத்தானே இருக்கு?"

"சௌகரியம்தான். ஆனா உன் முதுகைப் பார்த்துக்கிட்டே வர்றது எனக்குக் கஷ்டமா இருக்கு. நீ எனக்காக வரல, உனக்காக வர்ற. பேருந்துல வந்தா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். உன் பின்னாடி உட்கார்ந்தா உன்னை மன்னிச்சுட்டேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டே வரவேண்டியிருக்கு. எனக்கு ரெண்டு மணி நேரம் நின்னு பாடம் நடத்தணும்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். இந்த முறை என்ன அர்த்தத்தில் ஆட்டுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. மறுநாள் அந்த நேரத்துக்கு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் தோட்டத்துக் குழாயைக் கழற்றி மாட்டினார். குழாய் ஒழுக ஆரம்பித்தது. மனைவி ஒரு வாளியைக் கொண்டுவந்து அதன் அடியில் வைத்தாள்.

மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் தொலைபேசி அடித்தது, அவர்தான் எடுத்தார். பாப்பா, அண்ணி இருக்கிறாளா என்று கேட்கவில்லை.

"அண்ணா, எங்க கல்லூரியில கூட்டம் இழுத்துக்கிட்டே போகுது. பொண்ணு நீச்சல் குளத்துல காத்துக்கிட்டு இருப்பா. கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுடறியா? சாவி எதிர்வீட்டுல இருக்கு."

"உடனே போறேன்."

"பறந்துக்கிட்டு போகவேணாம். மெதுவா போ."

அவர் போனார். மருமகள் ஈரத்தலையோடு படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, பசிக்குது" என்றாள். வழியில் ரொட்டி வாங்கிக்கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்து, தலையைத் துவட்டச் சொல்லி, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாப்பா வந்ததும் கிளம்பிவிடவேண்டும், அவளைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று ஸ்கூட்டர் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்.

பாப்பா வந்தாள். கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, அவரைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் எழுந்தார்.

"அப்ப நான் வர்றேன் பாப்பா."

"சர்க்கரை போடலாமா, இல்ல டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"கொஞ்சமா போடு" என்றார் அவர்.